அத்தை, உங்கள் பிள்ளை படகு பார்த்த கதை

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய அத்தைக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் முழங்கால் வலி இருக்காது, மார்க்கெட்டில் இடத் தகராறு இருக்காது, முக்கியமாக என் சமையல் இருக்காது. அதனால் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்புகிறது. நான் வேலை செய்கிற டிடிபி கடை உங்களுக்குத் தெரியும். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்து, கடை வாசலில் நின்று “இன்னிக்கு யாருடி செத்தது?” என்று கேட்பீர்களே, அதே கடைதான். ஊரில் யார் போய்ச் சேர்ந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பவள் நான். ‘ஆறாத் துயரில்’ என்ற வார்த்தை என் விரலுக்கே மனப்பாடம். உங்களுக்கு நாலு வரி அடிக்க உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. முதலாளிதான், “நாலு வரி வராட்டி நாலு பக்கம் எழுதும்மா, சின்னப் புஸ்தகமா போட்டு எல்லாருக்கும் குடுக்கலாம்” என்றார். ஆகவே இதைத் தெருவே படிக்கப் போகிறது. படிக்கட்டும். நாம் போட்ட சண்டையைக் கேட்டவர்கள்தானே.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முதலியார்பேட்டைக்காரி, மில் தொழிலாளியின் மகள். உங்கள் பிள்ளையை விரும்பிக் கட்டிக்கொண்டு கடலோரத்து வைத்திக்குப்பத்துக்கு வந்தபோது எனக்கு வஞ்சிர மீனுக்கும் சீலா மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. “மில்லுக்காரி” என்றுதான் கூப்பிட்டீர்கள், கடைசிவரை. “புருசன நீ வா போன்னு பேசுறா பாரு” என்று எதிர்வீட்டில் குறை சொன்னீர்கள். அதே வாயால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, “எம் மருமவளுக்குக் கொழம்பு வெக்கணும்” என்று நல்ல சங்கராவாகப் பார்த்து விற்காமல் எடுத்துவந்தீர்கள். மார்க்கெட்டில் நீங்கள் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்த நல்ல மீன் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, சேதிக்கு வருகிறேன். உங்கள் பிள்ளை படகு வாங்கிவிட்டார்.

சட்டென்று சொல்லிவிட்டேனே தவிர, அது அவ்வளவு சுலபத்தில் நடக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் போன வருஷத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கே தெரியாத பாதி அதில் இருக்கிறது.

உங்கள் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் நம் ஒற்றை இன்ஜின் படகில் ஆழக் கடலுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. போன் போகவில்லை. கரைக்கு வந்த ஒவ்வொரு படகிடமும் போய் நின்று கேட்டீர்கள். அதற்கும் மறுநாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்தீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று நான் கெஞ்சினேன். “வந்துடுவான். பசியோட வருவான். நீ போயி சோத்த வடி” என்றீர்கள். ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, உங்கள் வாய்க்குப் பயந்து உலையைப் பார்க்கப் போனேன். சோற்றை வடித்துவிட்டு வந்தால் நீங்கள் இல்லை.

உங்களை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். எவ்வளவு நேரம்தான் காக்க முடியும்? பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத வீட்டில், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். உங்கள் தங்கை மகன் சேகர் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான்.

மறுநாள் மத்தியானம் உங்கள் பிள்ளை வந்தார், அத்தை. இன்ஜின் நின்று, நீரோட்டத்தில் தெற்கே இழுத்துக்கொண்டு போய், காரைக்கால் பக்கத்து விசைப்படகு ஒன்று பார்த்து மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கட்டி இழுத்த நம் படகு வழியிலேயே தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. அன்று காலையில்தான் காரைக்காலிலிருந்து போன் செய்தார்கள். எடுத்தவர்கள் யாருக்கும் அவரிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கித் தெருவில் நடந்து வந்தவர், வாசலில் மொட்டைத் தலையோடு நின்ற சேகரைப் பார்த்தார். அவ்வளவுதான். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? மீன் விலைக்கு ஒரு மணி நேரம் பிடிவாதமாக நின்ற நீங்கள், இதற்கு இரண்டு நாள் நின்றிருக்கக் கூடாதா? கோபமாகத்தான் கேட்கிறேன். இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் மீன் லோடு வண்டி ஓட்டினார். துறைமுகத்தில் ஏற்றுவது, கடலூரிலோ விழுப்புரத்திலோ இறக்குவது. மீனோடு இருந்தார், கடலோடு இல்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்துவிட்டு எங்கே உட்காருவது என்று தெரியாதவர் போலச் சுற்றிச் சுற்றி வருவார். பொங்கல் கழித்து ஒரு நாள் அவராகவேதான் சொன்னார்: “பழைய படகு ஒண்ணு பாக்கணும். ரெட்ட இன்ஜினா பாக்கணும். நீயும் வா.”

என்னை ஏன் கூப்பிட்டார் என்று அப்போது யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் நோணாங்குப்பம் ஆற்றோரம் ஒரு ஃபைபர் படகு. உங்கள் பிள்ளை படகு பார்ப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. இன்ஜினைத் தொடவே இல்லை. அது மாட்டியிருக்கிற பின்பலகையிடம் போய், திருப்புளியின் கைப்பிடியால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று விழுந்தது. “உள்ள பலகை ஊறிப்போச்சு. ரெண்டு இன்ஜின் பாரத்த இது தாங்காது. ஒரு நாள் இன்ஜினோட சேந்து பிச்சிக்கினு போயிடும்” என்றார். விற்பவர் தலையைச் சொறிந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, அத்தை.

அடுத்தது வீராம்பட்டினத்தில். இன்ஜினைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீருக்குள் இறக்கி ஓட்டிப் பார்த்தார். இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் பக்கத்துத் துளை வழியாகப் பீச்சி அடிக்க வேண்டுமாம். ஒன்றில் நன்றாக வந்தது. இன்னொன்றில் நீர்க்கடுப்பு வந்தவர் போலச் சொட்டுச் சொட்டாக வந்தது. “உள்ள உப்பு அடச்சிருக்கு” என்று கிளம்பிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

மூன்றாவதில்தான் எனக்கு லேசாக உறைத்தது. பலகை டொக்கென்றது, தண்ணீர் பீச்சியது, ஒரு குறையும் இல்லை. “பெயின்ட் புதுசா இருக்கு. எதையோ மறைக்கிறான்” என்றார். நாலாவது படகில் பெயின்ட் பழையது. “பெயின்ட் அடிக்கவே சோம்பேறித்தனப்பட்டவன் இன்ஜினுக்கு ஆயிலா மாத்தியிருப்பான்?” என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியில் உப்பில்லை என்று எழுந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் போல ஆகிவிட்டது எங்கள் கதை. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று என்னைப் பார்த்து நூறு முறை சொல்லியிருப்பீர்கள். ஆடத் தெரிந்தவரே கூடம் கோணல் என்கிறாரே, இதற்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வொரு இடத்திலும் விற்பவர், “வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்பார். ஒவ்வொரு இடத்திலும் இவர், “வேணாம், டிரம்முலயே தெரிஞ்சிடும்” என்பார். மில்லுக்காரி எனக்கே தெரியும், செருப்பு வாங்குகிறவன்கூட இரண்டு அடி நடந்து பார்த்துத்தான் வாங்குவான். நம் தெருவில் யாராவது கடலில் இறக்காமல் படகு வாங்கியிருக்கிறார்களா?

கடலுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயப்படாமல் எப்படி இருக்க முடியும், அத்தனை நேரம் செத்த இன்ஜினோடு மிதந்த மனுஷன்? அன்றைக்குச் சாப்பிடும்போது மெல்லச் சொன்னேன்: “படகு வேணாம்னா வுட்டுடுய்யா. வண்டியே ஓட்டு. யார் என்ன கேக்கப் போறா?”

தட்டைத் தள்ளினார். “எனக்குப் பயம்னு சொல்றியா?”

“நான் சொல்லலியே.”

“சொல்லாத. பயம்னா பயம்னு நானே சொல்லுவேன்.”

மீன் முழுதாகத் தட்டிலேயே கிடந்தது. அந்த வாரம் என்னோடு அவர் பேசியதெல்லாம் தண்ணீர் கொண்டுவா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். அத்தை, எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. கடலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று தெரியும். போகாமல் இருந்தால் இந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விடுவார் என்றும் தெரிந்தது. எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உங்கள் போட்டோ முன்னால் நின்றேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளைச்சாவடிக்குப் போனோம். அங்கே கடல் அரித்து அரித்துக் கரையே கொஞ்சம்தான் மிச்சம். படகுகளை வீட்டுச் சுவரை ஒட்டி ஏற்றி வைத்திருக்கிறார்கள். விற்பவர் பெயர் கலியபெருமாள், நம் பெரிய மாமா வயசு இருக்கும். முழங்கால் போய்விட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில், அதனால் விற்கிறார். இரண்டு இன்ஜினும் ஒரே நாளில் வாங்கியது, ஒன்றுபோல ஓடியது.

உங்கள் பிள்ளை தட்டினார், தடவினார், கவிழ்ந்து படுத்து அடிப்பக்கம் பார்த்தார். மூடியைக் கழற்றி முகர்ந்தார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. கடைசியில், “டிரம் இருக்கா அண்ணே?” என்றார்.

“டிரம் எதுக்கு? அதான் இவ்ளோ பெரிய கடல் கெடக்கே.”

“வேணாம்ணே. டிரம்முலயே...”

கலியபெருமாள் அண்ணன் இவரை ஏற இறங்கப் பார்த்தார். சத்தம் போடவில்லை. “தம்பி, கடல்ல எறக்கிப் பாக்காதவனுக்கு நான் படகு தர மாட்டேன். வெலய கொறச்சிக் கேளு, பேசலாம். இத மட்டும் கேக்காத. இதுல ஏறி நீ போனா, வந்து சேர்ற வரைக்கும் எனக்குல்ல தூக்கம் வராது” என்றார்.

“அப்ப அடுத்த வாரம் பாக்கலாம்ணே” என்று இவர் பைக் சாவியை எடுத்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “நானும் வரேன் அண்ணே. இப்பவே போலாம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. மீன்பிடிக்கிற படகில் பெண்கள் ஏறுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கரையில் நிறுத்தியிருந்த படகில் நான் துணி காயப்போட்டதற்கே தெரு முழுக்கக் கேட்கக் கத்தினீர்கள். எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்கிப் படகில் ஏறி பாரடைஸ் பீச்சுக்குப் போகிறார்கள். கடலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்ட நான் ஒரு நாளும் கடல்மேல் இருந்ததில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கலியபெருமாள் அண்ணன் தாடையைத் தடவினார். “எங்க ஊர்ல பொம்பளைங்க ஏறுனதில்ல” என்றார். கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்தார். என்ன புரிந்ததோ, “படகு இன்னும் என்னுதுதான. கேக்கறவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். செருப்பக் கழட்டிட்டு ஏறும்மா” என்றார்.

உங்கள் பிள்ளை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பைக் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் படகில் வைத்தார். அத்தனை பேர் பார்க்க. அதற்கும் நீங்கள் ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

வலை பின்னியவர்கள் படகைத் தண்ணீரில் தள்ளிவிட, கலியபெருமாள் அண்ணனும் ஏறிக்கொண்டார். அலையைத் தாண்டுகிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோய் உங்கள் பெயரையும் சொன்னேன். தாண்டியதும் வாந்தி. காலையில் சாப்பிட்ட இட்லி முழுக்கக் கடலுக்குப் போனது. அவர் ஒரு கையால் என் முதுகைத் தேய்த்துக்கொண்டு மறு கையால் படகை ஓட்டினார். தலையைத் தூக்கிப் பார்த்தால் தெற்கே கடற்கரைச் சாலைக் கட்டிடங்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தன. நான் ஊரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். கை நடுங்கவில்லை. கண் அலையைவிட்டு நகரவில்லை. ஒரு இன்ஜினை நிறுத்தி இன்னொன்றில் ஓட்டினார், மாற்றி ஓட்டினார், வளைத்தார், ஒடித்தார். எனக்குக் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றிய ஆள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு இரண்டு இன்ஜினையும் நிறுத்தினார். படகு சும்மா ஆடியது. நான் கேட்டேன்: “ஒனக்குத்தான் பயமே இல்லியே. அப்புறம் ஏன் இத்தன நாளா எறங்க மாட்டேன்ன?”

கலியபெருமாள் அண்ணன் முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றைப் பிரித்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். நல்ல மனுஷன்.

“கடல் என்னாடி பண்ணும்? மிஞ்சிப் போனா என்னத்தான எடுத்துக்கும்” என்றார் உங்கள் பிள்ளை. “கரைக்குத் திரும்பறதுதான் எனக்கு முடியல. உசுர கையில புடிச்சிக்கினு வந்தேன். வாசல்ல சேகர் மொட்டத் தலையோட நிக்கறான். இனிமே எப்ப திரும்புனாலும் யாருக்காவ எவன் மொட்ட அடிச்சிக்கினு நிக்கறான்னுதான் மொதல்ல பாப்பேன். இன்னிக்கு நீ இங்கயே குந்திக்கினு இருக்க. அதான் எனக்கு ஒண்ணும் ஆவல.”

அத்தை, எனக்கு இது தோன்றவே இல்லை. கடலில் போகிறவனுக்காகக் கரையில் இருப்பவர்கள் பயப்படுவதுதான் எனக்குத் தெரியும். நீங்கள் பயந்தீர்கள், நான் பயந்தேன், தெருவே பயந்தது. கரையில் இருக்கிற நம்மை நினைத்துக் கடலில் ஒருவன் பயப்படுவான் என்று நீங்களாவது நினைத்ததுண்டா?

அழுகை வந்தது. வாந்தி வந்த வாயோடு அழுதேன். எதையாவது சொல்லி அவரைத் தேற்ற வேண்டும், வேறெதுவும் வரவில்லை. “நீ கடல்ல இருக்கும்போது நான் சாவ மாட்டேன். போதுமா?” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. “இதென்ன ஒங் கட போஸ்டரா, தேதிய மாத்தி அடிக்கறதுக்கு?” என்றார்.

“சாவ மாட்டேன்னா சாவ மாட்டேன்” என்றேன்.

“சரி” என்றார். ஒரு குழந்தையிடம் சொல்வதைப் போல இல்லை. என் வாக்கை வாங்கி வைத்துக்கொள்வதைப் போலச் சொன்னார். இரண்டு இன்ஜினையும் கிளப்பிக் கரைக்குத் திருப்பினார். கரை நெருங்க நெருங்க என் கையைப் பிடித்திருந்த அவர் பிடி இறுகியது, ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. இறங்கியதும் கலியபெருமாள் அண்ணனிடம், “இதுதாண்ணே” என்றார்.

வருஷம் திரும்பும்வரை இறக்கக் கூடாது என்று படகைப் பிள்ளைச்சாவடியிலேயே விட்டுவைத்திருக்கிறோம். அண்ணன் தினமும் போன் செய்து பெற்ற பெண்ணைப் பற்றிச் சொல்வது போலச் சேதி சொல்கிறார். உங்கள் பெயரைப் படகில் எழுதலாம் என்று சேகர் சொன்னான். “எங்கம்மா பேரு மேல எல்லாரும் ஏறி மிதிக்கறதுக்கா?” என்று உங்கள் பிள்ளை அடக்கிவிட்டார். பழைய பெயரே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

உங்களுக்குப் படைத்து முடித்த மறுநாள் விடியற்காலை அவர் ஆழத்துக்குப் போகிறார். கரையில் நின்று வழியனுப்பிவிட்டு நான் கடைக்குப் போய்விடுவேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும், தெரு படித்தாலும் பரவாயில்லை. அந்த வாக்கு யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாத வாக்கு என்று எனக்குத் தெரியும். நெஞ்சு நிற்பது நம் கையில் இல்லை. உங்கள் கையிலும் இருந்திருக்காது. உங்களைக் கோபித்துக்கொண்டதற்கு நடுவில் அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான். டாக்டர் எழுதிக் கொடுத்து நான் அலமாரியில் போட்டுவைத்த பிரஷர் மாத்திரையை இப்போது ஒழுங்காக விழுங்குகிறேன். ஸ்கூட்டிக்கு ஹெல்மெட் வாங்கிவிட்டேன். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். முதலாளி சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே யாரிடம் பேச வேண்டுமோ பேசுங்கள், சண்டை போட வேண்டுமென்றால் போடுங்கள். உங்கள் வாய்க்கு அங்கேயும் பயப்படுவார்கள்.

உங்கள் பிள்ளை கடலில் இருக்கிற நேரமெல்லாம் நான் உயிரோடிருப்பேன், அத்தை. பசியோடு வருவார், சோறு வடித்திருப்பேன். அவர் கரையேறி, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்.

உங்கள் மருமகள்,
மில்லுக்காரி வசந்தி